இரண்டரைக் கட்டை

ஆறாம் எண் அறையில் இருந்த டிஜிட்டல் பியானோவை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஜெரிஷாவுக்குத் தெரியவில்லை, தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. கல்லூரி விழாவுக்காக அது திறந்தவெளி மேடைக்குப் போய்விட்டது, ஆகவே இன்றைய தேர்வு அரங்கத்தில், பெரிய பியானோவில் நடக்கும் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கீழே பியானோ ஆசிரியை சாக்கோ மேமின் கையெழுத்து, மேமைப் போலவே விறைப்பாக, ஒரு சுழிப்பும் இல்லாமல். தாளை மூன்று தடவை படித்துவிட்டு நான்காவது தடவைக்குப் போனபோதுதான், எத்தனை தடவை படித்தாலும் அதில் எழுத்து மாறப்போவதில்லை என்று அவளுக்கு உறைத்தது. மணி பத்தரை. பதினொன்றேகாலுக்கு அவள் முறை. அவள் முறை என்றால் அவளும் மிருணாவும் சேர்ந்து. மிருணா பாட வேண்டும், இவள் கூட வாசிக்க வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மதிப்பெண். நாலாவது செமஸ்டர் முடிவில் வருகிற இந்தத் தேர்வில் தேறினால்தான் இசையை முதன்மைப் பாடமாக எடுக்க முடியும், திங்கட்கிழமை படிவத்தில் கையெழுத்துப் போட முடியும். தேறாவிட்டால் வேறு எதையாவது எடுக்கலாம். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதானே இந்தக் கல்லூரியின் பெருமை. உளவியலில் அவளுக்கு நல்ல மதிப்பெண் இருந்தது. அந்த நல்ல மதிப்பெண்ணை நினைத்தாலே எரிச்சலாக வந்தது, கூப்பிடாமல் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி.

அரங்கத்துக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சு சுட்டது. எழுந்து வேப்பமர நிழல் விழுந்த பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள், அங்கேயும் கொஞ்சம் சுட்டது. பெரிய பியானோவில் பட்டன் கிடையாது. விஷயம் இவ்வளவுதான், யாரிடமாவது சொன்னால் இதற்கா இந்தப் பாடு என்று கேட்பார்கள், ஆனால் யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் அதில் முக்கால்வாசி. டிஜிட்டல் பியானோவின் இடது ஓரத்தில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு சின்ன பட்டன் உண்டு. அதை மூன்று தடவை அமுக்கிவிட்டால் விரல் ஒரு கட்டையில், அதாவது சி-யில் வாசிக்கும், சத்தம் இரண்டரைக் கட்டைச் சுருதியில் வரும். விரலுக்கு வெள்ளை கீ மட்டும் போதும், கறுப்பு கீயின் கஷ்டத்தையெல்லாம் பட்டன் பார்த்துக்கொள்ளும். மிருணா பாடப்போகிற பாட்டு இரண்டரைக் கட்டை, சாக்கோ மேம் பாஷையில் ஈ ஃப்ளாட். ஒன்றரை மாதமாக ஆறாம் எண் அறையில் அவர்கள் இரண்டு பேரும் அதைப் பழகியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் மிருணா தண்ணீர் குடிக்கிற நேரத்தில் ஜெரிஷா பட்டனை மூன்று தடவை அமுக்கியிருக்கிறாள், டிக் டிக் டிக். மிருணா ஜன்னலைப் பார்த்துத்தான் பாடுவாள், திரும்பவே மாட்டாள். திரும்பியிருந்தால்தான் என்ன, கை எங்கே போகிறது என்று பாடுகிறவர்கள் பார்ப்பதில்லை. இரண்டு வருஷமாக எவரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் இருந்தால் அது பொய்யா, இல்லை வெறும் பழக்கமா என்று அவள் சில நாள் யோசித்ததுண்டு. பெரும்பாலும் தூக்கம் வந்துவிடும்.

பழக்கம்தான். சாத்தான்குளம் பக்கத்தில் அவர்கள் ஊர்க் கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த சார்லஸ் அத்தான் துபாய்க்குக் கிளம்பியபோது அவளுக்குப் பதினோரு வயது. போகிற அன்று சாயங்காலம், பெட்டி கட்டின கையோடு வந்து, ஏட்டி, நீ வெள்ளையில மட்டும் வாசி, மத்ததெல்லாம் இந்தப் பட்டன் பாத்துக்கிடும் என்று ஒரே வரியில் சங்கீதத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் யாரும் கீபோர்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். பாட்டு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் ஞானதீபம் பெரியம்மை ஆரம்பித்துவிடுவாள். அவள் எடுக்கிற இடம்தான் அன்றைக்குச் சுருதி. போன வாரம் எங்கே எடுத்தாள், அடுத்த வாரம் எங்கே எடுப்பாள் என்று ஆண்டவருக்கே தெரியாது. அவள் பின்னால் இருநூறு பேர். முதல் வரி முடிவதற்குள் ஜெரிஷா அந்த இடத்தைக் காதால் பிடித்து, மனசுக்குள் எண்ணி, பட்டனை மேலேயோ கீழேயோ அத்தனை தடவை அமுக்கி, இரண்டாவது வரியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு வாரம்கூட அவள் தப்பியதில்லை. நாலு அமுக்கு, ஒரு அமுக்கு, கீழே ரெண்டு. பெரியம்மைக்குச் சளி பிடித்த வாரம் கீழே அஞ்சு. கூட்டம் முடிந்ததும் பெரியம்மை வந்து கன்னத்தைக் கிள்ளி, என் குரலுக்கு ஏத்த மாதிரியே வாசிக்கியே மக்கா என்பாள், என்னவோ கீபோர்டே அவளுக்காகப் பிறந்தது போல. அப்பா பின்வரிசையில் நின்றுகொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தால்கூடத் தெரியாது, அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. வெள்ளை கீயில் விரல் வைப்பாள், உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ சத்தம் வரும், இரண்டும் ஒன்றுதான்.

இங்கே வந்துதான் இரண்டும் இரண்டு என்று தெரிந்தது. சேருகிற அன்று குரலைக் கேட்டு ஸ்வரம் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள், எல்லாம் சொன்னாள், சாக்கோ மேம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கர்நாடக சங்கீத வகுப்பில் சார், ஸட்ஜம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், நீ எங்கே உட்காருகிறாயோ அதுதான் ஸட்ஜம் என்று சொன்னபோது, மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள், அவளுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, இதை இத்தனை நாள் தெரிந்து வைத்திருந்தோமே என்று. அடுத்த மணி சாக்கோ மேம் வகுப்பு. அங்கே சி என்றால் சி, அது நகராது, அதற்கு எண் இருக்கிறது, அதிர்வு இருக்கிறது, லண்டனிலும் அதே, சாத்தான்குளத்திலும் அதே. அதற்கும் அடுத்த மணி புள்ளியியல். மதியம் தத்துவம், அதில் ஒரு படகைக் காட்டி, இதன் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் இருப்பது அதே படகா வேறு படகா என்று கேட்டார்கள், வகுப்பே பிரிந்து சண்டை போட்டது, ஜெரிஷா மட்டும் பாட்டைத் தூக்கி வேறு கட்டையில் வைத்தால் அதே பாட்டுத்தானே, இதில் என்ன குழப்பம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பார்கள், பாராட்டினால் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். எழுத்துத் தேர்வுகளில் அவள்தான் முதல், எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டைக்கும் தாளில் மாற்றி எழுதிவிடுவாள். சின்னச் சின்னப் பயிற்சிப் பாடல்களையும் தேர்வுக்குத் தேர்வு எப்படியோ உருப்போட்டு ஒப்பேற்றிவிட்டாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்னால், இந்த விடுமுறையில் கறுப்பு கீயைப் பழகிவிட வேண்டும் என்று தீர்மானம். ஊரில் கோயில் கீபோர்டில் உட்கார்ந்ததும் கை தானாகப் பட்டனுக்குப் போகும். பெரியம்மை காத்திருக்க மாட்டாளே.

இப்போது மடியில் பையை வைத்து அதன் மேல் விரல்களை வைத்தாள். ஈ ஃப்ளாட். மூன்று கறுப்பு. கட்டை விரல் எங்கே போகும், முதலில் கறுப்பில் சுட்டு விரல், அப்புறம் கட்டை விரல் எஃப்பில், ஜி, அப்புறம் மறுபடி கறுப்பு. தெரிகிறது, எல்லாம் தெரிகிறது. பையின் ஜிப் விரலில் இடித்தது. பாட்டின் முதல் வரியை மனசுக்குள் ஓடவிட்டாள், ஓடியது, இரண்டரைக் கட்டையில் பிசிறில்லாமல் ஓடியது, விரல் மட்டும் சி-யில் ஓடியது. விரலைப் பிடித்துக் கறுப்புக்கு இழுத்தாள், உடனே மனசில் பாட்டு மேலே எகிறி ஐந்தாவது கட்டைக்கு அருகில் எங்கோ போய் நின்றது, விரல் மூன்று ஏறினால் சத்தமும் இன்னும் மூன்று ஏற வேண்டும் என்று காது பிடிவாதம் பிடித்தது, ஏனென்றால் காதுக்குப் பட்டன் இன்னும் அமுங்கியே இருக்கிறது. பட்டனை எங்கே போய் விடுவிப்பது. தலைக்குள் அது எந்தப் பக்கம் இருக்கிறது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி. ஒரு தடவை நாலு மாத்திரை வரை சரியாகப் போனது, சரியாகப் போகிறதே என்று நினைத்தாள், அத்தோடு சரி. அரங்கத்துக்குள் வேறு யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள், கதவு வழியாக அடிச்சத்தம் மட்டும் தும் தும்மென்று வந்தது. ஆறு, இல்லை, ஆறரைக் கட்டை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியாது. கேன்டீன் பக்கமிருந்து எலுமிச்சை சாதத்துக்குத் தாளிக்கிற வாசனை வந்தது, பசித்தது, பசிப்பது அநியாயமாக இருந்தது. காலையில் அப்பா போன் பண்ணியிருந்தார். பரீட்ச நல்லா எழுது மக்கா என்றார். எழுதுறதில்லப்பா, வாசிக்கணும் என்றாள். ஏதோ ஒண்ணு, பதறாம செய், ஞாயித்துக்கிழமை கோயில்ல உனக்காக ஜெபம் பண்ணுனாங்க என்றார். இருநூறு பேர். கறுப்பு கீ எது வெள்ளை கீ எது என்று தெரியாத இருநூறு பேர் அவளுக்காக முழங்கால் போட்டிருக்கிறார்கள். உளவியல் எடுத்தால் அவர்களிடம் என்ன சொல்வது? அப்பா என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பயம், சரி மக்கா உனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு சைக்கிள் கடைக்குப் போய்விடுவார். அது பரவாயில்லை, அப்பாவையும் இருநூறு பேரையும் விட்டுவிடலாம். உண்மை என்னவென்றால் அவளுக்கு இது வேண்டும். இதைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். இத்தனை ஆசைப்படுகிற ஒருத்தி ஏன் இரண்டு வருஷமாக மூன்று கறுப்பு கீயைப் பழகவில்லை என்ற கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், உள்ளே போக வாசல் தெரியவில்லை.

"ஜெரி, நீ இங்கயா இருக்க. உன்னை ஆறாம் நம்பர்ல தேடிட்டு வரேன்," என்று மிருணா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்க்காரி, எதற்கும் பதறாத சுபாவம், இன்றைக்கு மட்டும் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "பெரிய பியானோவாம், பாத்தியா? நல்லதாப் போச்சு. சத்தம் நல்லா தாங்கும்." ஜெரிஷா தலையாட்டினாள். "எனக்கு மேல எல்லாம் பயமே இல்லப்பா. ரெண்டாவது பக்கத்துல அந்தக் கீழ் நோட்டு இருக்கு பாரு, அதான். அதுக்குக் கீழ எனக்கு ஒரு நோட்டுகூட இல்ல. நீ அந்த இடத்துல கொஞ்சம் மெதுவா வாசி, என்ன? நான் உன்னைப் பிடிச்சுக்கிட்டே இறங்கிடறேன்." அதுக்குக் கீழ ஒரு நோட்டுகூட இல்லை. ஒரு கட்டையில் வாசித்தால் அந்த இடம் மூன்று படி இன்னும் கீழே போய்விடும், கிணற்றில் தண்ணீர் இல்லாத ஆழம். இப்போது சொல்லிவிடலாம். மிருணா, எனக்கு ஈ ஃப்ளாட் வராது. ஐந்தே வார்த்தை, அதுகூட இல்லை. வராதுன்னா, ஒன்றரை மாசமா வாசிச்சியே என்பாள். அதற்குப் பட்டனைச் சொல்ல வேண்டும், பட்டனைச் சொன்னால் சார்லஸ் அத்தானை, பெரியம்மையை, எல்லாரையும் சொல்ல வேண்டும். சொன்னால் மிருணா சிரிப்பாள், கோபிக்க மாட்டாள், சிரித்துவிட்டு, சரி வா மேம்கிட்ட போய்ச் சொல்லலாம் என்பாள், அவளுக்கு எல்லாமே போய்ச் சொல்லிவிடக் கூடிய விஷயம்தான். மேம் ஒரு தடவை வகுப்பில் சொன்னார், பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், கூட வாசிக்கிறவர் தாளைப் பார்த்தபடியே இரண்டு மூன்று படி இறக்கி வாசித்துவிடுவார், சபையில் ஒருத்தருக்கும் தெரியாது, அது பெரிய வித்தை, நானே அதற்கு எட்டு வருஷம் பழகினேன் என்று. எட்டு வருஷம். பெரியம்மைக்குக் கீழே அஞ்சு அமுக்கினது எத்தனை நிமிஷம்? இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று அவள் அதைத் தள்ளினாள், அது தள்ளின இடத்திலேயே நின்றது. "மிருணா," என்றாள். "ம்?" "ஒண்ணு சொல்லணும்." "சொல்லு." அப்போது அரங்கத்தின் கதவு திறந்தது, முன்னால் வாசித்தவர்கள் இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள், உள்ளேயிருந்து மேமின் குரல் இவர்கள் இரண்டு பேர் பெயரையும் கூப்பிட்டது. "வந்து சொல்லு," என்று மிருணா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

அரங்கத்துக்குள் குளிர் தாக்கியது. ஏசியும் பழைய திரைச்சீலையும் சேர்ந்த ஒரு மக்கிய வாசனை. மேடையில் பியானோ மூடி திறந்து நின்றது, அது இவ்வளவு நீளம் என்று அவள் நினைத்திருக்கவில்லை, இரண்டு வருஷமாகப் பார்க்கிற பியானோதான். சாக்கோ மேம் மூன்றாவது வரிசையில் தனியாக, மடியில் பாட்டுத்தாளோடு. "வாங்க. ரெண்டு பேரும் பயப்படாதீங்க. ஈ ஃப்ளாட், அல்லே?" என்று வழக்கம்போலத் தமிழில் மலையாளத்தைக் கலந்து கேட்டார். மிருணா பியானோவின் வளைவில் போய் நின்றாள், சபையைப் பார்த்து, இவளுக்கு முதுகும் பின்னலும்தான் தெரிந்தது. ஜெரிஷா உட்கார்ந்தாள். இடது கை தானாக ஓரத்துக்குப் போய்த் தடவியது, வழவழவென்று வெறும் மரம். கையை எடுத்துக் கறுப்பு கீயின் மேல் வைத்தாள். ஒடுக்கமாக, ஜில்லென்று இருந்தது, விரல் வழுக்கி விழுந்துவிடும் போல. சரி, வாசிப்போம், நாலு மாத்திரை வந்ததே, அதற்கப்புறம் வருகிறது வரட்டும், தப்பு வந்தால் தப்பு, உளவியல் ஒன்றும் நரகமில்லை என்று நினைத்தாள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள், பின்னால் எத்தனை தடவை யோசித்துப் பார்த்தபோதும் அந்த நினைப்பு அந்த இடத்தில் இருந்தது. ஆனால் வாய் வேறு யாருடையதோ போலத் திறந்தது. "மேம், மிருணாவுக்கு ஜலதோஷம். ஒரு மூணு படி இறக்கி, சி-யில வாசிக்கட்டுமா?" பின்னல் அசைந்தது. மிருணா திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, வெறும் கேள்வி, வழி தெரியாத ஊரில் பக்கத்தில் வருகிறவரைப் பார்ப்பது போல. மேம் கண்ணாடியை இறக்கினார். "அப்படியா மிருணா?" ஜெரிஷா கீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டாள், சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டாள், இரண்டும் ஒரே மூச்சில். "ஆமா மேம். லேசா," என்றாள் மிருணா, திரும்பிக்கொண்டாள்.

விரல் வெள்ளைக்கு வந்தது. வந்ததும் உடம்பே இறங்கி உட்கார்ந்தது. முதல் சுரக்கூட்டு எழுந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது, இவ்வளவு பெரிய சத்தம் தன் கையிலிருந்தா என்று, மரமும் கம்பியும் சேர்ந்து மூச்சு விடுவது போல. சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல், அப்பட்டமாக, இந்த நேரத்தில் போய்ச் சந்தோஷமாக இருந்தது. மிருணா முதல் அடியில் தட்டுத்தடுமாறி, இரண்டாவது அடியில் இடத்தைப் பிடித்துக்கொண்டாள், கெட்டிக்காரி, காதை முழுக்க இவளிடம் கொடுத்துவிட்டுப் பாடினாள். நடு ஸ்தாயியில் குரல் பழுப்பு நிறமாக, வேறு யாருடையதோ போல இருந்தது, மோசமில்லை, இப்படியே போனால் மோசமில்லை, ஒருவேளை போய்விடும். தாளில் ஈ ஃப்ளாட் என்று எழுதியிருக்கிறது, கண் அதைப் படிக்கிறது, கை ஒரு கட்டையில் போகிறது, காதுக்கு இரண்டரை வேண்டும் என்று எங்கோ ஒரு மூலையில் அரிக்கிறது, எது பாட்டு, மூன்றில் எது பாட்டு. இரண்டாவது பக்கம் வந்தது. கீழே இறங்குகிற அந்த அடி வந்தது. மெதுவாக வாசி என்று சொல்லியிருந்தாள், மெதுவாக வாசித்தாள். மிருணா ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி, அங்கே குரல் மெலிந்து நூலானது, அடுத்த படியில் குரலே இல்லை, காற்று மட்டும் வந்தது, வாய் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. தோள் இரண்டும் மேலே ஏறியதைப் பின்னாலிருந்து ஜெரிஷா பார்த்தாள். சத்தத்தைக் கூட்டி அந்த ஓட்டையை மூடினாள். கோயிலில் அப்படித்தான் மூடுவாள், கை தானாகச் செய்தது. மிருணா மேலே ஏறி வந்து மீதியைப் பாடி முடித்தாள்.

சாக்கோ மேம் நிறைய நேரம் எழுதினார். பிறகு முதலில் ஜெரிஷாவைத்தான் பார்த்தார். "எழுதி வைக்காம, நேரா பார்த்து மூணு படி இறக்கினாய். ஒரு பிசகு இல்ல. எங்கே படிச்சது இது?" "கோயில்ல மேம்," என்றாள், அது உண்மைதான், அந்த அரங்கத்துக்குள் அவள் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை. "அங்கே நல்ல ட்ரெயினிங் கொடுக்கிறாங்க," என்று மேம் சிரித்தார், மேம் சிரித்து அவள் பார்த்ததில்லை. "திங்கட்கிழமை ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுத் தா. மிருணா, இது உன் வாய்ஸ் இல்லன்னு எனக்குத் தெரியும். இதுக்கு மார்க் போட்டா உனக்குத்தான் கஷ்டம். நான் போடல. தொண்டை சரியாகட்டும், டிசம்பர்ல மறுபடி பாடு." "அப்போ ஃபார்ம் மேம்?" "அதுவும் அப்போ பார்க்கலாம். இப்போ வேற ஏதாவது சப்ஜெக்ட் எழுதிக் கொடு, பின்னால மாத்த முடியுமான்னு ஆபீஸ்ல கேக்கறேன்." முடியுமான்னு. மிருணா சரி மேம் என்றாள், நன்றி மேம் என்றாள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். ஜெரிஷா எழுந்தபோது முழங்கால் நாற்காலியில் இடித்தது, வலி கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

வெளியே வெயில் பெஞ்சு முழுவதையும் பிடித்திருந்தது. மிருணா படியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது கேட்பாள், ஏன்டி அப்படிச் சொன்ன என்று கேட்பாள், கேட்டதும் சொல்லிவிட வேண்டும், பட்டனை, அத்தானை, எல்லாவற்றையும், சொல்லிவிட்டு இரண்டு பேரும் மேமிடம் திரும்பிப் போகலாம், கதவு இன்னும் சாத்தவில்லை. ஜெரிஷா அவள் பக்கத்தில் நின்றபடி அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மை எடுக்கிற இடத்துக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. மிருணா தொண்டையில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது ஜெரி?" என்றாள். "எது?" "எனக்குச் சளின்னு. எனக்கு ஒண்ணுமே தெரியல. காலைல நல்லாத்தானே இருந்தேன். பெஞ்சுல உக்காந்து பேசினேனே, அப்பவே உனக்குக் கேட்டுடுச்சா?" ஜெரிஷா வாயைத் திறந்தாள். "உன் காது காதுதான்பா. நீ பாட்டுக்கு மேம்கிட்ட சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, என்னடா இவ இப்படிச் சொல்றான்னு. அப்புறம் அந்தக் கீழ் நோட்டுக்குப் போனா சத்தமே வரல. மூணு படி கீழன்னாலும் கொஞ்சமாவது கேக்கணும்ல, வெறும் காத்து. அப்பதான் நீ சொன்னது சரின்னு தெரிஞ்சுது." கீழே மூன்று படி எவளுக்கும் வராதுடி, நீ என்ன ஆண்பிள்ளையா என்று சொல்ல வேண்டும். மிருணா நம்புகிறாள். தன் தொண்டையைவிட இவள் காதை நம்புகிறாள். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் இவளிடம் வேறு என்ன இருக்கிறது, திங்கட்கிழமையும் கையெழுத்தும் போகட்டும், அதற்கப்புறம் இந்தப் பெண் ஒரு ஸட்ஜத்துக்காவது இவளை நம்பித் திரும்புவாளா. இரு, நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குச் சொன்னால் இன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பாள். அப்படியானால் இப்போதே. இப்போதே என்று நினைக்க நினைக்க அந்த இப்போது நகர்ந்துகொண்டே இருந்தது.

"இரு, நீயே பாரு," என்று மிருணா நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டின் மேல் வரியை வாய்க்குள் சின்னதாக எடுத்தாள். இரண்டரைக் கட்டையில். பியானோ இல்லை, எதுவும் இல்லை, அவள் உடம்பு ஒன்றரை மாதமாகப் பழகின இடத்துக்குத் தானாகப் போய் நின்றது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தண்ணீர் மாதிரி தெளிந்த குரல், அந்தக் காலைவேளையில் அந்தக் கல்லூரியில் அதைவிடச் சுத்தமான சத்தம் எதுவும் இல்லை. மிருணா பாதியில் நிறுத்தி, முகத்தைச் சுளித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"தொண்டை கம்முது பாரு. கேக்குதா?"

"கேக்குது," என்றாள் ஜெரிஷா.